ஒரு சாண் குடலும் கொக்கிப் புழுவும்

நடவும் களையெடுப்பும் நெருங்கும் காலத்தில் ஆள் போதவில்லை என்னும் குறை எங்கும் கேட்கப்படுகிறது. வந்த ஆட்களிலும் சிலர் முற்பகலிலேயே களைத்து வரப்பில் உட்கார்ந்து விடுகின்றனர். நாற்றுமுடியைச் சுமந்து சிறிது தூரம் நடந்தால் அவர்களுக்கு மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, முகம் வெளுத்தும், கண்ணிமையின் உட்புறமும் நகங்களும் செந்நிறம் இழந்தும் காணப்படுகின்றன. பண்ணைக்காரர் இதனைச் சோம்பல் என்று எண்ணிக் கடிந்துகொள்வதும், கூலியில் பிடித்தம் செய்வதும் உண்டு. ஆயினும் இத்தகையோரில் பலரைப் பீடித்திருப்பது சோம்பலன்று, இரத்தச் சோகையாகும். சோகைக்குக் காரணங்கள் பல. அவற்றுள் நிலத்தோடும் எருவோடும் நேரான சம்பந்தமுடையது ஒன்றே இங்கு விவரிக்கப்படுகிறது. அதனை அறிவதற்கு, முதலில் நம் வயிற்றினுள் உள்ள ஒரு சாண் நீளமான குடலைப் பற்றி அறிதல் அவசியம்.

குடலின் அளவும் பெயரும்

எண்சாண் உடம்பு என்பது நம் நாட்டு வழக்கு. பன்னிரண்டு விரற்கடை கொண்டது ஒரு சாண் என்பதும் யாவரும் அறிந்ததே. மனிதனுடைய சிறுகுடல் சுமார் 6 மீட்டர் நீளமுள்ளது. இரைப்பை முடியுமிடத்தில் தொடங்கும் அதன் முதற்பகுதி மட்டும் ஏறக்குறைய 25 செண்டிமீட்டர் நீளமேயாகும். இதற்கு வைத்திய சாஸ்திரத்தில் டுவோடினம் என்று பெயர். தமிழில் முன்சிறுகுடல் எனப்படும்.

டுவோடினம் என்னும் சொல்லுக்குப் பொருள் பன்னிரண்டு என்பதே. கி.மு. 300-ஆம் ஆண்டளவில் எகிப்து நாட்டு அலெக்சாந்திரியா நகரில் இருந்த ஹீரோபிலஸ் என்னும் கிரேக்க வைத்தியர், இக்குடற்பகுதி பன்னிரண்டு விரல்களை அடுத்தடுத்து வைத்தால் எவ்வளவு அகலமோ அவ்வளவு நீளம் உள்ளதெனக் கண்டு, பன்னிரு விரல் என்று பொருள்படும் பெயரை இதற்கு இட்டார். அப்பெயரே பிற்காலத்தில் லத்தீன் மொழியில் டுவோடினம் என வழங்கலாயிற்று. ஜெர்மானியரும் ஜப்பானியரும் தத்தம் மொழியில் இதனை இன்றும் பன்னிரு விரற்குடல் என்றே சொல்கின்றனர். நம் அளவையில் சொல்வதானால் இதனைச் சாண் குடல் எனலாம். இதனை அடுத்துள்ள நடுச்சிறுகுடலுக்கு ஜெஜுனம் என்று பெயர். அதன் பொருள் வெறுமை. இறந்தோர் உடலை அறுத்துச் சோதித்த பண்டைய வைத்தியர்கள் அப்பகுதியைப் பெரும்பாலும் வெறுமையாகவே கண்டதனால் அப்பெயர் ஏற்பட்டது. கடைசிப் பகுதியாகிய பின்சிறுகுடல் இலியம் எனப்படும்.

சாண் குடல் நேராக இருப்பதன்று. கதிர் அரிவாளைப் போல வளைந்து, கணையம் என்னும் சுரப்பியின் தலைப்பாகத்தை அணைத்தபடி அமைந்துள்ளது. இரைப்பையில் புளித்துக் குழைந்த ஆகாரம் இங்கு வந்து விழுந்ததும், ஈரலிலிருந்து பித்தநீரும் கணையத்திலிருந்து கணையநீரும் வந்து கலக்கின்றன. இவ்விரு நீர்களும் குடலில் சேரும் முகப்பிற்கு, அதனை 1720-ஆம் ஆண்டில் விவரித்த ஆபிரகாம் வாட்டர் என்னும் ஜெர்மானிய வைத்தியரின் பெயர் வழங்குகிறது. குடலின் சுவரிலுள்ள புரூனர் சுரப்பிகள் காரத்தன்மையுள்ள வழவழப்பான நீரைச் சுரந்து, இரைப்பையின் கடும் புளிப்பு குடலை அரித்துவிடாமல் காக்கின்றன. சாண் குடல் முடிந்து நடுச்சிறுகுடல் தொடங்குமிடத்தை ஒரு தசைநார் தூக்கிப் பிடித்திருக்கிறது. 1853-ஆம் ஆண்டில் டிரைட்ஸ் என்பார் இதனை விவரித்தமையால், அது டிரைட்ஸ் தசைநார் எனப்படுகிறது.

இரும்பு நுழையும் வாயில்

இரத்தத்திற்குச் செந்நிறம் தருவது ஹீமோகுளோபின் என்னும் பொருள். நாம் இழுக்கும் மூச்சிலுள்ள பிராணவாயுவை உடலெங்கும் சுமந்து செல்வது இதுவே. இதனை உண்டாக்க இரும்புச்சத்து இன்றியமையாதது. வயது வந்த ஒருவருடைய உடலில் உள்ள இரும்பு முழுவதும் 3 அல்லது 4 கிராம் மட்டுமே. அதில் பெரும்பகுதி இரத்தத்தில் இருக்கிறது. நாள்தோறும் ஆகாரத்திலிருந்து உடல் புதிதாக ஏற்றுக்கொள்வது 1 முதல் 2 மில்லிகிராம் இரும்பேயாகும்.

இந்தச் சொற்ப இரும்பும் குடல் முழுவதிலும் உறிஞ்சப்படுவதில்லை. பெரும்பாலும் சாண் குடலிலும், அதனை ஒட்டிய நடுச்சிறுகுடலின் தொடக்கத்திலுமே உறிஞ்சப்படுகிறது. இரைப்பையின் புளிப்பில் கரைந்து வரும் இரும்பு இவ்விடத்தில் ஏற்கப்படாவிட்டால், பின்னே உள்ள நீண்ட குடலில் ஏற்கப்படுவது மிகவும் குறைவு. ஆகவே இதனை இரும்புச்சத்தின் தலைமடை எனக் கொள்ளலாம். தலைமடையில் விடாத நீர் கடைமடைக்கு எவ்வாறு வந்து சேரும்?

கம்பு, கீரை, பயறு முதலியவற்றில் இரும்பு உண்டு. ஆனால் தாவர ஆகாரத்திலுள்ள இரும்பில் சிறு பங்கே உறிஞ்சப்படும். அதனுடன் நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா போன்றவற்றைச் சேர்த்து உண்டால் அந்தப் பங்கு கூடுகிறது. சாப்பாட்டுடனோ, சாப்பிட்டவுடனோ தேநீரும் காப்பியும் அருந்தினால் குறைகிறது. இறைச்சி, மீன் ஆகியவற்றிலுள்ள இரும்பு எளிதில் உறிஞ்சப்படுகிறது.

புழு அறியப்பட்ட வரலாறு

1838-ஆம் ஆண்டில் இத்தாலி தேசத்து மிலான் நகர ஆஸ்பத்திரியில், இறந்துபோன ஒரு குடியானவப் பெண்ணின் உடலைச் சோதித்த ஆஞ்சலோ டுபினி என்னும் வைத்தியர், சிறுகுடலில் அதுவரை அறியப்படாத ஒரு சிறு புழுவைக் கண்டார். பின்னர் மேலும் பல உடல்களில் அதனைக் கண்டு ஆராய்ந்து 1843-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அப்புழுவிற்கு வழங்கும் பெயர் ஆன்கிலோஸ்டோமா டுவோடினாலே என்பது. முதற்சொல் கிரேக்க மொழியில் வளைந்த வாய் என்று பொருள்படும். இரண்டாவது சொல் சாண் குடலைக் குறிக்கும். எனவே சாண் குடலின் வளைவாய்ப் புழு என்பது இப்பெயரின் பொருளாகிறது. தமிழில் கொக்கிப் புழு என்கிறோம். பெயர் இவ்வாறிருப்பினும், புழு சாண் குடலில் மட்டும் தங்குவதில்லை. நடுச்சிறுகுடலிலும் மிகுதியாக வாழ்கிறது.

இப்புழுவே சோகைக்குக் காரணம் என்பதைப் பலர் முதலில் ஏற்கவில்லை. 1854-ஆம் ஆண்டில் கிரீசிங்கர் என்னும் ஜெர்மானிய வைத்தியர், எகிப்து நாட்டில் பரவியிருந்த கடுஞ்சோகைக்கு இதுவே காரணம் என்றார். பின்பு ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து செயிண்ட் கோத்தார்டு ரயில் சுரங்கத்தை 1872 முதல் 1882 வரையில் அமைத்தபோது, அங்கு வேலை செய்த தொழிலாளர் அநேகர் வெளுத்து மெலிந்து வீழ்ந்தனர். சுரங்கத்தினுள் கக்கூஸ் இல்லை; நிலம் எப்போதும் ஈரமாயும் வெப்பமாயும் இருந்தது. 1880-ஆம் ஆண்டில் பெரோன்சிட்டோ என்னும் இத்தாலிய அறிஞர் அவர்களுடைய நோய்க்குக் கொக்கிப் புழுவே காரணம் என்று நிலைநாட்டினார். குளிர்தேசத்து மலையினுள்ளும் ஈரமும் வெப்பமும் மனித மலமும் கூடிய மாத்திரத்தில் இந்நோய் பரவியதென்பது கவனிக்கத்தக்கது.

புழு உடலில் புகும் வழியைக் கண்டவர் கெய்ரோ நகரிலிருந்த ஆர்தர் லூஸ் என்பவர். புழுக்குஞ்சுகள் கலந்த நீர்த்துளி தற்செயலாக அவர் கையில் விழுந்தது. அவ்விடம் எரிந்து சிவந்தது. சில வாரங்கள் சென்றபின் அவருடைய மலத்தில் புழுவின் முட்டைகள் காணப்பட்டன. இதிலிருந்து புழுக்குஞ்சு தோலைத் துளைத்தே உடலில் புகுகின்றது என்பதை அவர் 1898-ஆம் ஆண்டில் அறிவித்தார். பின்னர் 1902-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஸ்டைல்ஸ் மற்றோர் இனத்தை விவரித்தார். நெகேட்டர் அமெரிக்கானஸ் என்னும் அதன் பெயரில் நெகேட்டர் என்றால் கொல்பவன் என்று பொருள். தென்னிந்தியாவில் அதிகமாய்க் காணப்படுவது இந்த இனமே.

வரவும் செலவும்

புழு சுமார் 1 செண்டிமீட்டர் நீளமுடையது. தையல் நூல் போன்றது. வாயினால் குடலின் உட்தோலைக் கவ்விப் பிடித்து இரத்தத்தை உறிஞ்சுகிறது. ஒரு நெகேட்டர் புழுவால் நாளொன்றுக்கு இழக்கப்படும் இரத்தம் சுமார் 0.03 மில்லிலிட்டர். ஆன்கிலோஸ்டோமாவால் இழக்கப்படுவது சுமார் 0.2 மில்லிலிட்டர்.

இவை அற்ப அளவுகளாகத் தோன்றலாம். கணக்கிட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும். நல்ல இரத்தத்தின் ஒரு மில்லிலிட்டரில் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு உள்ளது. ஒருவர் குடலில் 100 நெகேட்டர் புழுக்கள் இருப்பின் நாளொன்றுக்கு 3 மில்லிலிட்டர் இரத்தமும், அதனுடன் ஒன்றரை மில்லிகிராம் இரும்பும் செலவாகின்றன. 100 ஆன்கிலோஸ்டோமாப் புழுக்கள் இருப்பின் 20 மில்லிலிட்டர், அதாவது நான்கு தேக்கரண்டி இரத்தமும், 10 மில்லிகிராம் இரும்பும் செலவாகின்றன. குடலில் கசிந்த இரும்பில் ஒரு பகுதி மீண்டும் உறிஞ்சப்படுவதுண்டு. அப்படியிருந்தும், நாளொன்றுக்கு 1 அல்லது 2 மில்லிகிராம் வரவுள்ள உடலுக்கு இச்செலவு தாங்கக்கூடியதன்று. இரும்பு உள்ளே வரும் வாயிலிலும் அதனை அடுத்த இடத்திலுமே இருந்துகொண்டு, வந்ததற்கு மேலாகவே புழு கவர்ந்து செல்கிறது. சேமிப்பு தீரும்வரை ஒன்றும் தெரிவதில்லை. தீர்ந்தபின் சோகை வெளிப்படுகிறது.

ஸ்திரீகளுக்கு மாதந்தோறும் இரத்தப்போக்கு உண்டு. கர்ப்பகாலத்தில் இரும்பின் தேவை பன்மடங்காகிறது. ஆதலால் நடவு நடும் பெண்களும் கர்ப்பிணிகளும் அதிகத் துன்பம் அடைகின்றனர். குழந்தைகளுக்கோ வளர்ச்சியும் படிப்பும் குன்றுகின்றன. நல்ல ஆகாரம் உண்டும் உடல் தேறவில்லையென்றால் இந்தச் செலவை விசாரித்தறிய வேண்டும்.

மண்ணில் புழு வாழும் விதம்

பெண் புழு நாள்தோறும் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடுகின்றது. அவை குடலில் பொரிப்பதில்லை. மலத்துடன் வெளியேறி, ஈரமும் வெப்பமும் நிழலும் உள்ள மண்ணில் ஒன்றிரண்டு நாட்களில் பொரிக்கின்றன. புழுக்குஞ்சு 5 முதல் 10 நாட்களில் தோலைத் துளைக்கும் பருவத்தை எய்துகிறது. ஏற்ற மண்ணில் அது மூன்று நான்கு வாரங்கள் உயிருடன் காத்திருக்கும். வெறுங்கால் பட்டதும் விரலிடுக்கின் வழியாகப் புகுந்து, இரத்தத்தோடு சென்று நுரையீரலை அடைந்து, அங்கிருந்து தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலைச் சேர்கிறது. புகுந்த இடத்தில் அரிப்பும் சிறு கொப்புளங்களும் தோன்றலாம். சேற்றுப்புண் எல்லாம் இப்புழுவால் வருவதன்று. எனினும் தோட்டத்தில் நடந்தபின் காலில் தோன்றும் அரிப்பை அலட்சியம் செய்யலாகாது. ஆன்கிலோஸ்டோமாவின் குஞ்சுகள் கழுவாத கீரை, காய்கறிகளின் மூலம் வாய்வழியாகவும் உட்செல்லும்.

மணல் கலந்த வண்டல் நிலமும் செம்மண்ணும் இக்குஞ்சுகளுக்கு உகந்தவை. இறுகிய களிமண்ணிலும், நீர் தேங்கி நிற்கும் வயலிலும் அவை செழிப்பதில்லை. நேர்வெயிலில் காய்ந்த மண்ணில் விரைவில் மடிகின்றன. ஆகவே ஆபத்து நடுவயலில் இருப்பதைக் காட்டிலும் வாய்க்கால் கரை, தென்னந்தோப்பு, வாழைக்கொல்லை, வெற்றிலைக் கொடிக்கால், காய்கறித் தோட்டம் ஆகிய நிழலும் ஈரமுமான இடங்களில் அதிகம். குஞ்சுகள் பக்கவாட்டில் வெகுதூரம் ஊர்ந்து செல்வதில்லை. மனிதர் மலங்கழிக்க வழக்கமாய்ச் செல்லும் இடமே அவை நிறைந்த இடமாகும். அவ்விடத்திற்கு நாள்தோறும் வெறுங்காலுடன் செல்வதால் நோய் திரும்பத் திரும்பத் தொற்றுகிறது.

கன்றுகளிலும் இந்நோய் உண்டு

மாட்டின் சாண் குடல் அதன் நான்காம் இரைப்பையை அடுத்துள்ளது. நீளத்தில் அது சாணைக் கடந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் வரும். பெயர் மட்டும் மனிதனுடையதைப் போலவே வழங்குகிறது. அதன் சிறுகுடலின் முற்பகுதியில் புனோஸ்டோமம் என்னும் வேறொரு கொக்கிப் புழு வாழ்கிறது. ஈரமான தொழுவத்தில் கட்டப்பட்ட கன்றுகளின் தோலைத் துளைத்து இதுவும் புகும். கன்று மெலிந்து, கண்ணிமை வெளுத்து, தாடையின் கீழ் வீக்கம் கண்டால் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். தொழுவத்தை உலர்வாக வைத்து, சாணத்தை நாள்தோறும் அகற்றிக் குழியில் சேர்த்தல் சிறந்த தடுப்பாகும்.

டாக்டரின் சீட்டில் காணும் சொற்கள்

ஆஸ்பத்திரிச் சீட்டிலுள்ள சொற்களின் பொருள் விளங்காமல் ஜனங்கள் வீண் பயம் கொள்வதும், அசட்டையாய் இருப்பதும் உண்டு. அவற்றைப் படித்துச் சொல்லும்படி கிராம அதிகாரிகளையே பலர் நாடுகின்றனர். ஆகவே சில சொற்கள் இங்கு விளக்கப்படுகின்றன.

ஹீமோகுளோபின் என்பதற்கு எதிரே எழுதப்படும் எண், 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் உள்ள அப்பொருளின் கிராம் அளவு. ஆண்களுக்கு 13, பெண்களுக்கு 12, கர்ப்பிணிகளுக்கு 11 ஆகிய அளவுகளுக்குக் கீழே இருப்பின் சோகை எனக் கொள்ளப்படும். மலப்பரிசோதனைச் சீட்டில் ஓவா என்றிருந்தால் அது புழுவின் முட்டையைக் குறிக்கும்.

டுவோடினைட்டிஸ் என்பது சாண் குடலின் அழற்சி. ஐட்டிஸ் என முடியும் சொற்கள் அழற்சியைக் குறிப்பன. டுவோடினல் அல்சர் என்பது அக்குடலில் உண்டாகும் புண். இதில் பெரும்பாலும் வெறுவயிற்றிலும் பின்னிரவிலும் மேல்வயிறு வலித்து, ஆகாரம் உண்டதும் தணியும். காரமும் மனக்கவலையுமே இதற்குக் காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 1982-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் வாரன், மார்ஷல் என்னும் இருவர் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் நுண்கிருமியைக் கண்டு, அதுவே பெரும்பான்மையான புண்களுக்குக் காரணம் என்று காட்டினர். 2005-ஆம் ஆண்டில் நோபல் பரிசும் பெற்றனர். வலிமாத்திரைகளைத் தொடர்ந்து உட்கொள்வதும் மற்றொரு காரணமாகும். எண்டோஸ்கோப்பி என்பது மெல்லிய குழாயை வாய்வழியே செலுத்திக் குடலைக் கண்ணால் பார்க்கும் சோதனை. டிரைட்ஸ் தசைநாருக்கு மேலே அதிக இரத்தம் கசிந்தால் மலம் தார் போலக் கறுத்துப் போகும். இரும்பு மாத்திரை உண்பவர்க்கும் மலம் சற்றே கறுக்கும். தார் போன்று ஒட்டும் மலமும் மயக்கமும் ஒருங்கே கண்டால் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

செய்ய வேண்டியவை

(1) ஒவ்வொரு வீட்டிலும் கக்கூஸ் இருத்தலும், வீட்டார் எல்லோரும் அதனை உபயோகித்தலும் அவசியம். நிலத்தில் முட்டை விழாவிடில் புழுக்குஞ்சு இல்லை. தோப்பிலும் தோட்டத்திலும் நாள் முழுதும் வேலை செய்யும் ஆட்களுக்கு அருகிலேயே வசதி செய்து கொடுப்பது பண்ணைக்காரரின் கடமை.

(2) கிணற்றுக்கு அருகில் கக்கூஸ் குழி வெட்டலாகாது. இரட்டைக் குழிகளில் ஒன்று நிரம்பியதும் மூடி, மற்றொன்றை உபயோகிக்க வேண்டும். மூடிய குழியை இரண்டாண்டுகள் விட்டு வைத்தபின் எடுத்தால் நல்ல எருவாகும். மட்காத மலத்தை நிலத்திற்கு இடுதல் கூடாது.

(3) தோட்டவேலையின்போது காலில் செருப்பு அணிய வேண்டும். சேற்றில் நடவு செய்கையில் இது இயலாது. எனினும் ஆபத்து அதிகமுள்ள தோப்பிலும் கொடிக்காலிலும் வாய்க்கால் கரையிலும் இயலும்.

(4) சோகை கண்டவர்களை அரசினர் சுகாதார நிலையத்திற்கு அனுப்பிச் சோதிக்கச் செய்ய வேண்டும். புழுவை நீக்க அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒரே தடவை கொடுக்கப்படுகிறது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் இதனைக் கொடுத்தலாகாது. பின்னரும் டாக்டரின் யோசனைப்படியே கொடுக்க வேண்டும். 1 முதல் 19 வயது வரையுள்ளோருக்கு 2015-ஆம் ஆண்டு முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் இம்மருந்து இலவசமாக அளிக்கப்பட்டு வருகிறது. அந்நாளில் எந்தக் குழந்தையும் விடுபடாதவாறு கிராம அதிகாரிகள் கவனிப்பார்களாக.

(5) புழு நீங்கிய மட்டில் இரத்தம் ஊறிவிடாது. காலியான களஞ்சியத்தை மீண்டும் நிரப்புவது போல, டாக்டர் குறித்த காலம் முழுவதும் இரும்பு மாத்திரையை விடாது உட்கொள்ள வேண்டும். களைப்பு நீங்கியவுடன் நிறுத்தி விடுவது பலரும் செய்யும் தவறு.

மருந்து உடலிலுள்ள புழுவை நீக்கும். மண்ணிலுள்ள புழுவை நீக்காது. மருந்துண்டவர் மறுநாள் அதே தோப்பிற்கு வெறுங்காலுடன் சென்றால் சில மாதங்களில் பழைய நிலையே திரும்பும். ஆகவே மருந்து, கக்கூஸ், செருப்பு ஆகிய மூன்றும் ஒருங்கே வேண்டும். வரப்பில் களைத்து அமர்ந்தவரைச் சோம்பேறி என்று இகழுமுன், அவருடைய கண்ணிமையைச் சற்று இழுத்துப் பார்ப்பது நலம். அது வெளுத்திருந்தால் அவருக்கு அன்றைக் கூலியைக் கொடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதே முறை. ஒரு நாள் வேலை குறைவதால் நேரும் நஷ்டம் அற்பம். அவர் உடல் தேறுவதால் அவருடைய குடும்பமும் பண்ணையும் ஆண்டு முழுவதும் பயனடையும்.